இன்சுலின் பம்ப் வாங்க நினைக்கும் டைப் 1 இளையவர்களுக்கு

எனக்கு 11 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் (உடம்பே இன்சுலின் சுரக்காமல் போவது) வந்தது. பம்ப் வாங்கியது 22 வயதில். அதற்கு முந்தைய மூன்று வருடமும் ‘பம்ப் மட்டும் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற ஒரே நினைப்புதான். கிடைத்தது, வாழ்க்கை நிஜமாகவே மாறியது. ஆனால் முதல் மாதமே கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கருவியில் எந்தக் கோளாறும் இல்லை. எனக்கு ஒரு விஷயம் மண்டையில் ஏறவில்லை, அவ்வளவுதான். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

பம்புக்குள் இருப்பது ஒரே வகை இன்சுலின். சாப்பாட்டுக்குப் போடுகிறோமே, அந்த வேகமான இன்சுலின் மட்டும். பேனா ஊசியில் ராத்திரி ஒருமுறை நீண்ட நேர இன்சுலின் போட்டால் அது ஒரு நாள் முழுக்க உடம்பில் அடியில் நின்று காக்கும். பகலில் ஒரு ஊசி மறந்தாலும் சர்க்கரை ஏறுமே தவிர, உடம்பு முழுக்க இன்சுலின் இல்லாமல் போகாது. பம்பில் அந்த அடித்தளம் கிடையாது. சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருக்கும் வேகமான இன்சுலின்தான் எல்லாமே. இன்சுலின் வரும் குழாய் மடங்கினாலோ, அதைத் தோலில் பிடித்திருக்கும் ஒட்டு பிய்ந்தாலோ, மூன்று நான்கு மணி நேரத்தில் உடம்பில் இன்சுலின் சுத்தமாகத் தீர்ந்துவிடும். அப்புறம் கீட்டோன் ஏற ஆரம்பிக்கும்.

நான் தூங்கப் போகும் முன் செட் (அந்தக் குழாயும் ஒட்டும் சேர்ந்தது) மாற்றினேன். தோலுக்கடியில் போன மெல்லிய குழாய் மடங்கிவிட்டது. காலையில் சர்க்கரை 380, வயிற்றுவலி, வாந்தி. முந்தைய நாள் ஓட்டலில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மதியம் வரை படுத்திருந்தேன். இந்த ஒரு தவறை நீங்கள் செய்யாமல் இருந்தால் போதும், இதை எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும்.

பம்ப் என்றால் என்ன

சின்ன செல்போன் அளவில் ஒரு பெட்டி. உள்ளே இன்சுலின் நிரப்பிய குப்பி. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வந்து, வயிற்றிலோ தொடையிலோ ஒட்டியிருக்கும் சின்ன வட்டத்தில் முடியும். அந்த வட்டத்தின் அடியில் அரை சென்டிமீட்டர் சொச்சம் நீளமுள்ள மென்மையான குழாய் தோலுக்கடியில் இருக்கும். குழாய், ஒட்டு எல்லாம் சேர்த்துத்தான் ‘செட்’ என்கிறோம். சாதாரண செட்டை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆபரேஷன் எதுவும் இல்லை, வீட்டிலேயே நாமே மாற்றுவதுதான். உறவினர்கள் கட்டாயம் கேட்பார்கள்: ‘உள்ளே வச்சுத் தச்சுடுவாங்களா?’ இல்லை. ‘இதை வச்சா சுகர் போயிடுமா?’ போகாது. இது ஊசி போடும் இன்னொரு முறை, அவ்வளவே.

பம்பின் இன்சுலின் இரண்டு விதமாகப் போகும். நாள் முழுக்கச் சொட்டுவது பேசல். சாப்பாட்டுக்கும், ஏறிய சர்க்கரையை இறக்கவும் நாம் பொத்தானை அழுத்திக் கொடுப்பது போலஸ். பேசலை மணிக்கு மணி வேறு வேறாக வைக்கலாம் என்பதுதான் பம்பின் பெரிய பலம். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் நிறைய இளையவர்களுக்குச் சர்க்கரை தானாக ஏறும். அந்த நேரத்துக்கு மட்டும் கூட்டி, நடுராத்திரியில் குறைத்து வைக்கலாம். நீண்ட நேர ஊசியில் இது முடியாது.

உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா?

ராத்திரி அடிக்கடி லோ ஆகிறவர்கள் (சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குவதுதான் லோ), லோ ஆவதே தெரியாமல் மயங்குகிறவர்கள், விடியற்காலை ஏற்றத்தை எந்த ஊசியாலும் பிடிக்க முடியாதவர்கள், ஒழுங்காகக் கணக்குப் போட்டும் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இறங்காதவர்கள், விளையாட்டில் தீவிரமாக இருப்பவர்கள், அரை யூனிட்டே அதிகமாகிவிடும் அளவுக்குச் சின்ன டோஸ் உள்ள குழந்தைகள், குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டமிடும் பெண்கள். இவர்களுக்குப் பம்ப் நிஜமான வித்தியாசம் தரும்.

ஒரு நாளைக்கு ஒருமுறைகூடச் சர்க்கரை பார்க்காமல், ஊசியைத் தவறவிட்டுக்கொண்டு, ‘பம்ப் வந்தால் அது பார்த்துக்கொள்ளும்’ என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பதினேழு வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன், களைத்துப்போயிருந்தேன். ஆனால் பம்ப் அந்தக் களைப்பைத் தீர்க்காது. ஊசியைத் தவறவிட்டால் சர்க்கரை ஏறும், பம்பைக் கவனிக்காமல் விட்டால் ஆம்புலன்ஸ் வரும்.

வாங்கும் முன் மூன்று மாதம்

பணம் புரட்டுவதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடலாம். பெரிய காசு செலவில்லை. கடைசியில் பம்ப் வாங்காமல் போனாலும் இது வீணாகாது.

முதலில் மாவுச்சத்துக் கணக்கு, அதாவது கார்ப் கணக்கு. பம்பிடம் ‘இத்தனை கிராம் கார்ப் சாப்பிடப் போகிறேன்’ என்று சொன்னால்தான் அது டோஸ் கணக்கிடும். நம் சாப்பாட்டில் பாக்கெட்டைத் திருப்பிப் படித்துத் தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்காது, தட்டில் பார்த்தே கற்றுக்கொள்ள வேண்டும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் கார்ப் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கரண்டியால் நாலு கரண்டி போட்டால் எவ்வளவு எடை என்று ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டால், அடுத்து கரண்டிக் கணக்கே போதும். இட்லி வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் வீட்டு இட்லி 45 கிராம் எடை, அதை 12 கிராம் கார்ப் என்று கணக்கு வைக்கிறேன், எனக்குச் சரியாக வருகிறது. ஓட்டல் இட்லி அதைவிடப் பெரிது. தோசை இன்னும் மோசம், மாவு ஊற்றுகிற கையைப் பொறுத்தது. அம்மா ஊற்றும் தோசையையும் பாட்டி ஊற்றும் தோசையையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். சாம்பாரில் பருப்பு, பொரியலில் உருளைக்கிழங்கு, காபியில் பால், சர்க்கரை, எல்லாம் சேரும். சர்க்கரை ஒரு டீஸ்பூன் 4 முதல் 5 கிராம்.

ஏன் இவ்வளவு துல்லியம்? ஒரு உதாரணம். பத்து கிராம் கார்புக்கு ஒரு யூனிட் என்பது உங்கள் விகிதம் என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் சோற்றில் 56 கிராம் கார்ப், 5.6 யூனிட் வேண்டும். முழு யூனிட் பேனாவில் 5 அல்லது 6 தான் போட முடியும். பம்ப் 5.6-ஐ அப்படியே கொடுக்கும். ஆனால் சோற்றை நீங்கள் 120 கிராம் என்று தவறாகச் சொன்னால், தவறான டோஸையும் அதே துல்லியத்தோடு கொடுக்கும்.

பரோட்டா, பிரியாணி தனிக் கதை. எண்ணெயும் இறைச்சியும் செரிமானத்தைத் தாமதப்படுத்தும். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை நன்றாக இருப்பது போலத் தெரியும், ஐந்தாவது மணி நேரத்தில் 300-ஐத் தொடும். சாதாரண பம்பில் போலஸைப் பிரித்து, கொஞ்சம் உடனே, மீதியை இரண்டு மூன்று மணி நேரத்தில் மெதுவாகப் போகும்படி வைக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே பம்பை விரும்புகிறவர்களை எனக்குத் தெரியும்.

கணக்கோடு சேர்த்து ஒரு நோட்டும் போடுங்கள். குறைந்தது நான்கு வேளைச் சர்க்கரை, சாப்பிட்டது, போட்ட யூனிட், விளையாட்டு, பெண்களென்றால் மாதவிடாய் நாள். நிறையப் பேருக்கு மாதவிடாய்க்கு முந்தைய சில நாள் சர்க்கரை ஏறும். நோட்டில் அது தெரிந்துவிட்டால், பம்பில் அந்த நாள்களுக்கென்று தனி பேசல் வரிசையே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் கண் பரிசோதனை. பல வருடமாக ஏறியிருந்த சர்க்கரை திடீரென்று வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே விழித்திரையில் பாதிப்பு இருந்தால் அது சில காலத்துக்கு மோசமாகலாம். அதனால் தொடங்குமுன் கண்ணைக் காட்டிவிடுங்கள். இதைச் சொல்ல மறந்துவிடுகிற இடங்கள் உண்டு, நீங்களே கேளுங்கள்.

டாக்டரிடமும் வீட்டிலும்

பம்ப் போட்டுப் பழகிய நோயாளிகள் உங்கள் டாக்டரிடம் எத்தனை பேர் என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஊரில் பொது மருத்துவரிடம் காட்டுகிறவர்கள் பம்புக்காக ஒரு நீரிழிவு மருத்துவரையோ ஹார்மோன் மருத்துவரையோ பார்க்க வேண்டியிருக்கும். டாக்டரைவிட முக்கியமானவர் அங்கே இருக்கும் நீரிழிவு ஆலோசகர். ராத்திரி பதினொரு மணிக்கு போன் செய்தால் எடுப்பவர் யார், அந்த எண் என்ன என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டை மேசையில் வைத்துப் பேசுங்கள். ‘எனக்குப் பம்ப் வேண்டும்’ என்பதைவிட ‘மூன்று மாதத்தில் ராத்திரி ஒன்பது முறை லோ ஆகியிருக்கிறது, பாருங்கள்’ என்பது வலுவான பேச்சு.

வீட்டில் பேசுவது வேறு மாதிரி. அப்பா அம்மாவின் பயம் பாதி பணம், பாதி ‘மெஷினை நம்பலாமா’ என்பது. பெண் பிள்ளைகள் வீட்டில் ‘வெளியே தெரியுமே, நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது’ என்ற பேச்சும் வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. நான் சொன்ன பதில்: ‘மயங்கி விழுந்தால் அதுவும் வெளியே தெரியும்தானே, அம்மா?’ அதற்கப்புறம் அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. டாக்டரைப் பார்க்கப் போகும்போது பெற்றோரையும் கூட்டிப்போங்கள். பம்பில் இன்சுலினுக்குப் பதில் உப்புநீர் நிரப்பி இரண்டு மூன்று நாள் மாட்டிப் பார்க்க வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். தூங்குவது, பஸ்ஸில் நெரிசலில் போவது, சுடிதாரில் எங்கே செருகுவது எல்லாம் அந்த மூன்று நாளில் தெரிந்துவிடும்.

பணம்

இங்கேதான் நிறையக் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. ஏமாற்றியது யாருமில்லை, கணக்கு போடும் இடம்தான் தவறு. பம்பின் விலை லட்சங்களில் இருக்கும், நகையை வைத்தோ கடன் வாங்கியோ அதைக் கட்டிவிடுகிறார்கள். அடுத்த மாதம் செட் வாங்க வேண்டும், அதற்கடுத்த மாதமும் வாங்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு செட் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 120. பத்துப் பத்தாகப் பெட்டியில் வரும், ஆக மாதம் ஒரு பெட்டி. அதோடு குப்பி, இன்சுலின், ஸ்ட்ரிப். சர்க்கரையைப் பார்த்துத் தானே டோஸை மாற்றும் தானியங்கி பம்ப் என்றால், தோலில் ஒட்டிச் சர்க்கரையை விடாமல் காட்டும் சென்சாரும் வேண்டும். ஒரு சென்சார் ஏழு நாள் வந்தால் வருடத்துக்கு 52. இந்த எண்களை விற்பனையாளரிடம் காட்டி, ஒவ்வொன்றின் இன்றைய விலையையும் எழுத்தில் வாங்குங்கள். பம்பின் விலையை மறந்துவிட்டு, மாதச் செலவை மட்டும் ஒரு தாளில் எழுதி, நான்கு வருடத்துக்கு அது வீட்டு வருமானத்தில் தாங்குமா என்று பாருங்கள்.

காசு தட்டுப்பட்டதும் மூன்று நாள் செட்டை ஆறு நாள் வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த இடம் வீங்கும், சீழ் பிடிக்கும், இன்சுலின் உள்ளே போகாது. அந்த நிலைமைக்கு வருவதைவிடப் பேனா ஊசியில் நன்றாக இருப்பது எவ்வளவோ மேல்.

என் தீர்மானமான கருத்து ஒன்று. பம்ப், சென்சார் இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முதலில் சென்சார் வாங்குங்கள். பேனா ஊசியும் சென்சாரும் சேர்ந்தாலே வாழ்க்கை பாதி சுலபமாகிவிடும். சர்க்கரை எந்தத் திசையில் போகிறது என்று தெரியாமல் பம்ப் மாட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது.

மருத்துவக் காப்பீட்டை ரொம்ப நம்ப வேண்டாம். ஆஸ்பத்திரியில் படுக்காமல் வீட்டில் பயன்படுத்தும் கருவிகளைப் பல பாலிசிகள் விலக்கிவிடுகின்றன. ஆனாலும் பெற்றோர் வேலை செய்யும் இடத்தில் குழுக் காப்பீடு இருந்தால் மனிதவளத் துறையிடம் எழுதிக் கேளுங்கள். மத்திய அரசு ஊழியர் குடும்பம் என்றால் அவர்களுக்கான மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ் அலுவலகத்தில் கேளுங்கள், வாங்கிய பிறகு அல்ல, வாங்கும் முன். இன்சுலினுக்கே கஷ்டம் என்றால் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. கோயம்புத்தூரில் இதயங்கள் அறக்கட்டளை டைப் 1 குழந்தைகளுக்காகவே இயங்குகிறது. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பழைய பம்ப் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், உத்தரவாதக் காலம் மிச்சமிருக்கிறதா, அதற்குச் செட் இன்னும் விற்கிறார்களா, உங்கள் பெயரில் சேவை தருவார்களா என்ற மூன்றும் தெரியாமல் வாங்காதீர்கள்.

எந்த வகை

இரண்டு வகைதான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது. ஒன்று, நாம் வைத்த பேசலை அப்படியே கொடுக்கும் சாதாரண பம்ப். இன்னொன்று, சென்சாரைப் பார்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே கூட்டிக் குறைக்கும் தானியங்கி பம்ப். மெட்ரானிக்கின் மினிமெட் 780ஜி இரண்டாவது வகை. ராத்திரித் தூக்கத்துக்கு இது வரம், காலையில் எழும்போது வித்தியாசம் தெரியும். ஆனால் சாப்பாட்டை அதற்கும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாமல் நாலு தோசை சாப்பிட்டால், ஏறிய சர்க்கரையை அது பின்னாலிருந்து துரத்திக்கொண்டிருக்கும். சென்சார் இல்லாத மாதம் அதுவும் சாதாரண பம்ப்தான்.

முதல் வாரங்கள்

தொடங்கும் நாளில் டாக்டர் உங்கள் மொத்த இன்சுலினைக் கொஞ்சம் குறைத்துத்தான் ஆரம்பிப்பார். பயப்பட வேண்டாம், அது முறைதான். கடைசி நீண்ட நேர ஊசியை எப்போது போடுவது, பம்பை எப்போது மாட்டுவது என்று எழுதி வாங்குங்கள். முதல் சில நாள் ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு எழுந்து பார்க்க வேண்டியிருக்கும். தேர்வு, கல்யாணம், வெளியூர்ப் பயணம் எதுவும் இல்லாத இரண்டு வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

இன்சுலின் விஷயத்தில் நம் நாட்டில் ஒரு ஆபத்து இருக்கிறது. இங்கே மருந்துக் கடையில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் பாட்டிலும் கிடைக்கும், 100 யூனிட் உள்ளதும் கிடைக்கும். பம்ப் போடும் கணக்கெல்லாம் 100-க்குத்தான். தவறி 40-ஐ நிரப்பினால் வேண்டிய டோஸில் பாதிகூட உடம்புக்குப் போகாது. லேபிளில் 100 என்று உங்கள் கண்ணால் படித்துவிட்டு நிரப்புங்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் நிரப்பினால் காற்றுக் குமிழி வரும், கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு நிரப்பலாம்.

செட்டைக் காலையில் மாற்றுங்கள், தூங்கும் முன் வேண்டாம். மாற்றி இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பாருங்கள். ஒவ்வொரு முறையும் இடம் மாற்றுங்கள், தொப்புளைச் சுற்றி நாலு விரல் அளவு விட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் குத்தினால் கொழுப்புக் கட்டி வரும், அங்கே இன்சுலின் சரியாக ஏறாது.

எண்ணெய்க் குளியல் நாளில் ஒட்டு நிற்காது. தீபாவளிக் காலையில் குளித்து, உடம்பைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவித் துடைத்த பிறகு புது செட் போடும்படி நாளைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். கழற்றி வைப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். கத்திரி வெயிலில் வேர்வையால் ஒட்டு கழலும், மேலே இன்னொரு ஒட்டு போடலாம். அதைவிட முக்கியம் இன்சுலினே சூட்டில் கெட்டுப்போவது. பைக்கில் போகும்போது பம்பைச் சட்டைக்கு உள்ளே வையுங்கள். நிறுத்திய காரில் ஒருபோதும் விடாதீர்கள். பிரிட்ஜ் இல்லாத இடத்தில் ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள், தண்ணீர் படாமல் வைக்கலாம், நம் பாட்டிமார் முறை இதற்கும் உதவுகிறது. எம்ஆர்ஐ எடுக்கும்போது பம்ப், சென்சார் இரண்டையும் கழற்ற வேண்டும். விமான நிலையத்தில் டாக்டர் கடிதத்தைக் காட்டி, ஸ்கேனர் பெட்டிக்குள் அனுப்பாமல் கையால் சோதிக்கச் சொல்லுங்கள்.

பள்ளி, கல்லூரி, தேர்வு

வகுப்பாசிரியருக்கும் விளையாட்டு ஆசிரியருக்கும் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: இது போன் அல்ல, சத்தம் வந்தால் பிடுங்கக் கூடாது, லோ ஆனால் என்ன செய்ய வேண்டும். சிபிஎஸ்இ 2017-லேயே டைப் 1 மாணவர்கள் பொதுத்தேர்வுக்கு லோ ஆனால் சாப்பிடும் இனிப்பு மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோகலாம் என்று சுற்றறிக்கை விட்டது. பம்பும் சென்சாரும் மின்னணுக் கருவிகள் என்பதால் நுழைவுத் தேர்வுச் சோதனையில் வாசலில் தடுக்கப் பார்ப்பார்கள். விண்ணப்பித்த வாரமே தேர்வு நடத்தும் அமைப்புக்கு மருத்துவக் கடிதத்தோடு எழுதுங்கள், பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

எப்போதும் பையில்

பம்ப் வந்த அன்றே ஒரு சின்னப் பை தயார் செய்யுங்கள். ஒரு புது செட், குப்பி, வேகமான இன்சுலின் பேனா, ஊசி முனைகள், குளுக்கோமீட்டர், கீட்டோன் ஸ்ட்ரிப், குளுக்கோஸ் பொடி, மாற்று பேட்டரி. கூடவே பம்பில் உள்ள பேசல் அளவுகளையும் விகிதங்களையும் எழுதிய தாள். கருவி செத்துப்போனால் அந்த எண்களும் அதோடு போய்விடும்.

அந்தத் தாளின் பின்பக்கம் இதை எழுதுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார். 250-க்கு மேல் போய், திருத்த டோஸ் (சர்க்கரையை இறக்கும் போலஸ்) கொடுத்தும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கவில்லை என்றால் பம்பை நம்பாதே: கீட்டோன் பார், பேனாவால் ஊசி போடு, செட்டை மாற்று. ரத்தக் கீட்டோன் 1.5-ஐத் தாண்டினால் டாக்டருக்கு போன். 3-ஐத் தொட்டாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. வாந்தியும் வயிற்றுவலியும் வந்தால் சாப்பாட்டைச் சந்தேகப்படும் முன் குழாயைச் சந்தேகப்படு.

வீட்டில் இன்னொருவருக்கும் இந்தத் தாளைப் படித்துக் காட்டுங்கள். பம்ப் ரிப்பேருக்குப் போகும் நாள் ஒருநாள் வரும், அதற்காக நீண்ட நேர இன்சுலின் பேனா ஒன்று பிரிட்ஜில் எப்போதும் இருக்கட்டும். எத்தனை யூனிட் போட வேண்டும் என்று டாக்டரிடம் முன்பே கேட்டு, அதன் பெட்டி மேலேயே எழுதி வையுங்கள். மாதத் தொடக்கத்தில் செட் பெட்டியைப் பிரிக்கும்போது அந்தப் பேனாவின் காலாவதித் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.